போர்டில் இருக்கிற சிவப்பு சார்

நான் கறுப்பு. மாநிறம், புதுநிறம் என்று கல்யாணத் தரகர் சொன்னதையெல்லாம் விட்டுவிடுங்கள். கறுப்பு. நெய்வேலியில் இதைத் தனியாகச் சொல்லவேண்டியதே இல்லை. சுரங்கத்தில் இறங்கி ஏறுகிறவர்கள், கான்ட்ராக்டில் மண் தள்ளுகிறவர்கள், பகல் வெயிலில் சைக்கிள் மிதித்து ஷிப்டுக்குப் போகிறவர்கள் என்று பாதி ஊர் என் நிறம்தான். ஆனால் நான் பார்க்கிற வேலையில் என் நிறத்தில் ஆள் கிடையாது. ஆம்பளையே கிடையாது. நான் கவுன்சிலர். ஓட்டு கேட்கிற கவுன்சிலர் இல்லை. மனசு சரியில்லாதவர்கள் எதிரே உட்கார்ந்து பேசினால், உட்கார்ந்து கேட்கிறவன்.

இதை என் அம்மாவுக்கு விளக்கியபோது ரொம்ப நேரம் யோசித்தாள்.

"அடுத்தவங்க பேசறத கேக்கறதுக்கு சம்பளம் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கம்மா."

"உங்கப்பன் ஒரு நாளாவது நான் பேசறத கேட்டிருந்தா இன்னேரம் மாடி வூடு கட்டியிருக்கலாம் போல."

அப்பா கான்ட்ராக்ட் தொழிலாளி. அவருக்கு முன்னால் எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கினவர்கள். வீடு டவுன்ஷிப்புக்கு வெளியே, வடக்குத்து கிராமத்தில். நான்தான் முதலில் படித்தவன் என்றெல்லாம் சொல்லிக் கண்ணீர் வரவழைக்கப் போவதில்லை. எனக்கு அப்படி எழுதுகிறவர்களைப் பிடிக்காது. படித்தேன், அவ்வளவுதான்.

படித்த இடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. வெளியூரில் ஒரு கல்லூரி. வகுப்பு நிறையப் பெண்கள். ஆண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதிலும் ஒருத்தன் பாதியில் போலீஸ் தேர்வு எழுதப் போய்விட்டான். கவுன்சிலிங் வகுப்பில் நாடகம் மாதிரி ஒன்று நடத்துவார்கள். ஒருவர் கவுன்சிலராக நடிப்பார், இன்னொருவர் பிரச்சினை உள்ளவராக நடிப்பார். படித்து முடிக்கிறவரை எனக்கு ஒரே வேஷம்: குடித்துவிட்டுப் பொண்டாட்டியை அடிக்கிற புருஷன். நான் குடிக்கிற ஆள் இல்லை. அப்போது பொண்டாட்டியும் கிடையாது. ஒரு தடவை, "மேடம், வேற ஏதாவது குடுங்க" என்று கேட்டேன். திருடன் கொடுத்தார்கள்.

கவுன்சிலர் வேஷம் எப்போதும் ஒரே பையனுக்குத்தான். சிவப்பாக இருப்பான், முடி நெற்றியில் விழும். "நான் உங்கள் வலியைப் புரிந்துகொள்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பான். எல்லோரும் கை தட்டுவார்கள். நான் கீழே விழுந்து கிடப்பேன், குடிகாரன் இல்லையா.

ஒரு நாள் ஒரு பேராசிரியர் பாடம் எடுத்தார். அமெரிக்காவில் கறுப்பு ஆண்கள், பழுப்பு ஆண்கள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை, வந்தாலும் நிலைக்கமுடிவதில்லை, அவர்களையும் சேர்த்துக்கொண்டால்தான் இந்தத் தொழில் உருப்படும் என்று பாடம். எல்லோரும் தலையாட்டினார்கள். முன்பெஞ்சில் ஒரு பெண் "எவ்ளோ அநியாயம் சார்" என்றாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. மணி அடித்ததும் அவர் கடைசி பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்து, "தம்பி, புரொஜக்டரைத் தூக்கிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வா" என்றார். புரொஜக்டருக்குப் பக்கத்திலேயே ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். அவன்தான் அந்தச் சிவப்புப் பையன். அவனைத் தாண்டி வந்துதான் தூக்கினேன்.

சரி, நெய்வேலிக்கு வருகிறேன்.

டவுன்ஷிப்பில் பஜார் பக்கம் ஒரு கவுன்சிலிங் சென்டர் இருந்தது. ஓய்வுபெற்ற ஒரு மேடம் நடத்துகிற சின்ன அறக்கட்டளை. மூன்று பெண் கவுன்சிலர்கள், மூன்று அறைகள். மேடம் நல்லவர், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நேர்முகத்தில் என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இங்க எல்லாரும் லேடீஸ். ஆம்பளைங்க உள்ள வரவே கூச்சப்படறாங்க. அவங்களுக்கு ஒரு ஆம்பளை வேணும். அதுவும் உள்ளூர் ஆளா, பாத்தா நம்ம ஆளுன்னு தோணற மாதிரி, உங்கள மாதிரி..." என்று இழுத்தார்.

"கறுப்பா?" என்றேன்.

"மண்ணின் மைந்தனா" என்றார்.

வேலை கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும். ஆறு மாதம் பார்ப்பார்கள். ஆண்கள் வந்து உட்கார்ந்தால் நான் கவுன்சிலராகத் தொடரலாம். ஒருவரும் வராவிட்டால், "வேலைய விட்டு அனுப்பமாட்டேன், பயப்படாதீங்க. ஆபீஸ் அசிஸ்டன்டா இங்கயே இருந்துக்கலாம்." டீ வாங்குகிறது, தண்ணீர் கேன் மாற்றுகிறது, கதவு பூட்டுகிறது. அம்மாவிடம் சொன்னேன். "ஆபீஸ் வேலையா? அது நல்ல வேலதானடா, அதையே நேரா கேட்டு வாங்கேன்" என்றாள். எனக்கு மட்டும்தான் அது தூக்கு மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் குடிகாரனாக விழுந்து எழுந்து படித்தது கேன் மாற்றவா?

அறைகள் மூன்றிலும் ஆள் இருந்ததால் என்னை வராந்தாவில் உட்காரவைத்தார்கள். மேசை, நாற்காலி, எதிரே ஒரு பெஞ்சு. பக்கத்தில் தண்ணீர் கேன். "ரூம் சீக்கிரம் வந்துடும்" என்றார் மேடம், ஏதோ பஸ் வருகிற மாதிரி. வராந்தாவில், கேனுக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒருவன் உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன நினைக்கும்? வருகிற பெண்கள் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். ஒருவர் ஃபேன் சத்தம் போடுகிறது, பாருங்கள் என்றார். பார்த்தேன். ஸ்க்ரூ லூஸ். முடுக்கினேன். அதற்கப்புறம் எல்லா அறை ஃபேனையும் நான்தான் பார்க்கவேண்டியிருந்தது.

இன்னொரு வகை ஆட்கள் உண்டு. கொஞ்ச நேரம் நின்றபடியே பேசுவார்கள், நான் கவுன்சிலர் என்று நம்பவும் செய்வார்கள், பிறகு "தம்பி எந்த ஊரு?" என்பார்கள்.

"வடக்குத்து."

"வடக்குத்துல எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பஸ் ஸ்டாப் பக்கம்" என்பேன். "பஸ் ஸ்டாப்புக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?" என்பார்கள். "நடுவுல" என்பேன். அவர்கள் குழம்பிப் போய்விடுவார்கள். அடுத்த முறை வரமாட்டார்கள்.

நாலு மாதம் இப்படியே போனது. ஒரு ஆண்கூட என் எதிரே உட்காரவில்லை. மேடத்துக்கே பொறுக்கவில்லை. வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் போர்டு வைக்கலாம் என்றார். "ஆண்களுக்கான சிறப்பு ஆலோசகர்" என்று எழுதி, என் படம் போட்டு. படத்தை நானே ஃப்ளெக்ஸ் கடைக்கு எடுத்துப் போனேன்.

போர்டு வந்து கட்டியபோது நான் வாசலில் நின்று யார் இது என்று பார்த்தேன். ரோஜாப்பூ கலரில் ஒருவன். உதடு சிவப்பு. நான் வாழ்நாளில் போடாத நீலக் கோட்டு, டை. முடியைக்கூட வழித்து வாரி நெற்றியில் கொஞ்சம் விட்டிருந்தான். அந்தக் கல்லூரிப் பையனே வந்து நின்ற மாதிரி இருந்தது. நேராக ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய்க் கத்தினேன்.

கடைக்காரர் என்னைவிடக் கறுப்பு. அமைதியாக மவுசை நகர்த்திக்கொண்டே சொன்னார்: "எல்லாருக்கும் பிரைட்னஸ் ஏத்திதாங்க போடுவோம். மாப்ள, பொண்ணு, தலைவரு, காதுகுத்தற கொழந்த எல்லாத்துக்கும் அதே அளவுதான். கண்ணீர் அஞ்சலி போர்டுல வர்றவங்களையே செவப்பாக்கித்தான் அனுப்பறோம். உங்களுக்கு மட்டும் கம்மி பண்ணா கடைக்கு கெட்ட பேரு."

"கோட்டு எதுக்குய்யா?"

"அது ஃப்ரீ."

மேடத்திடம் மாற்றச் சொன்னேன். அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போர்டைப் பார்த்தார். "நல்லாத்தான இருக்கு? லட்சணமா இருக்கீங்க" என்றார். அந்தப் பேராசிரியர் சொன்ன 'சேர்த்துக்கொள்வது' என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

போர்டு வேலை செய்தது, அதுதான் கொடுமை. இரண்டாவது வாரமே ஒரு ஆண் வந்தார்.

இவரைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டேன். "எழுதிக்கோ. பேரு போடாத. வூட்டு பிளாக் நம்பர் போடாத. பொண்டாட்டி பேரு போட்டா என்னைய கொன்னுடுவா" என்றார். அதனால் யார் பேரும் இல்லை.

சுரங்கத்தில் பக்கெட் வீல் ஓட்டுகிறவர். பல மாடி உயரத்துக்கு நின்று சக்கரத்தால் மண்ணைக் கோரித் தள்ளுமே, அந்த மெஷின். பெர்மனென்ட் ஆள், ரிட்டயர்மென்டுக்குச் சில மாதம் பாக்கி. சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி பக்கம். ஆளும் என் நிறம்தான், ஒரு கைப்பிடி கூடவே. டவுன்ஷிப்பில் வண்டியை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கவுன்சிலிங் சென்டர் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினால், ஷிப்ட் மாறுவதற்குள் பிளாக் முழுக்க அவருக்குப் பைத்தியம் என்று ஆகிவிடும். அதனால் அவர் பக்கத்து மாவு மில் வாசலில் வண்டியை நிறுத்தி, கையில் ஒரு பை கோதுமையோடு இறங்கி, அப்படியே சுவர் ஓரமாக எங்கள் வராந்தாவுக்கு வந்துவிட்டார்.

"சாரு இருக்காரா?"

"எந்த சாருண்ணே?"

"போர்டுல இருக்கற செவப்பு சாரு."

"நான்தாண்ணே அது. உக்காருங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். நான் கேனில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன், அது தப்பாகப் போய்விட்டது.

"நல்லா பேசற தம்பி. சாரு எப்ப வருவாரு?"

"வந்துட்டாருண்ணே. உங்க எதிர்ல உக்காந்துகினு இருக்காரு."

எழுந்து அவரை வாசலுக்குக் கூட்டிப்போய், போர்டுக்கு அடியில் நின்று காட்டினேன். அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"அவரு உனக்கு சித்தப்பா மொறையா? மூக்கு ஒரு சாடை இருக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு, உள்ளேயிருந்து என்னோடு வேலை பார்க்கிற கவுன்சிலர் அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து, "ஆமாங்க, இவர்தான் அந்த சார்" என்றார். சொல்லும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். முடிந்தது கதை.

"எல்லாரும் சேந்துகினு வயசான மனுஷன கிண்டல் பண்றீங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். "பரவால்ல. நான் வெயிட் பண்றேன். நைட் ஷிப்டுதான்."

அன்று சாயங்காலம் வரை காத்திருந்தார். சார் வரவில்லை. எப்படி வருவார்? அடுத்த வாரமும் வந்தார். அதே மில், அதே கோதுமை. காத்திருக்கிற மனுஷன் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பான்? பேச ஆரம்பித்தார். நான் இந்தத் தொழிலின் ஒழுங்கு தெரிந்தவன். யாரையும் ஏமாற்றிப் பேசவைக்கக்கூடாது. கையைக் காட்டி நிறுத்தினேன்.

"அண்ணே, நல்லா கேட்டுக்குங்க. நான் கவுன்சிலர். நீங்க சொல்றத கவுன்சிலராத்தான் கேக்கறேன். வெளிய யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

"சொல்லேன். நீ சொன்னா எவன் நம்பப்போறான்" என்று தொடர்ந்தார்.

அவருக்கு இருந்த பிரச்சினை இதுதான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஷிப்ட். அவர் முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது பொண்டாட்டி தூங்குவார். இரண்டாவது ஷிப்ட் முடிந்து வரும்போதும் தூங்குவார். நைட் ஷிப்ட் முடிந்து வந்து இவர் தூங்கும்போது அந்த அம்மா பஜாருக்குப் போய்விடுவார். வார ஓய்வில் கல்யாணம், வளைகாப்பு, சாவு. இப்படியே பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக் கட்டிக் கொடுத்தும் ஆகிவிட்டது. இப்போது ரிட்டயர் ஆகப்போகிறார். இனி அந்த வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை இரண்டு பேரும் முழித்துக்கொண்டு இருப்பார்கள்.

"எனக்கு மெஷின்மேல ஏறி நின்னா ஒன்னும் ஆவாது தம்பி. கீழ பாத்தா கிணறு மாதிரி இருக்கும், ஒரு பயமும் கெடையாது. இத நெனைச்சாதான் பயமா இருக்கு. அவகிட்ட என்னா பேசறது?"

"உங்களுக்குப் பயமா இருக்கு" என்றேன்.

"அதத்தான சொன்னேன்?"

"என்ன பேசறதுன்னு தெரியல."

"யோவ், நான் எது சொன்னாலும் அதையே திருப்பி எங்கிட்டயே சொல்லிகினு இருக்க. செவப்பு சாரு இப்பிடியா பண்ணுவாரு?"

எதிரே இருப்பவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்வது எங்கள் படிப்பில் முக்கியமான பாடம். அதற்கு எனக்கு நல்ல மதிப்பெண். அதை வெளியே சொல்லவில்லை.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒன்று கண்டுபிடித்தோம். ரிட்டயர் ஆகிற நாள் வரைக்கும் காத்திருக்காமல், இப்போதே தினம் ஒரு வார்த்தை பேசிப் பழகுவது. என்ன வார்த்தை என்பதை அவரே முடிவுசெய்வார். அடுத்த வாரம் வந்து முடிவைச் சொல்வார்.

முதல் வார்த்தை: "சாம்பார் நல்லாருக்கு." அந்த அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒடம்புக்கு என்னா?" என்றிருக்கிறார்.

இரண்டாவது: "உனக்கு என்னா கலர் புடிக்கும்?"  அந்த அம்மா கொல்லைப்பக்கம் போய்ச் சென்னையில் இருக்கிற மகளுக்கு போன் செய்து, "உங்கப்பன் ஒரு மாதிரி பேசறாரு, நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டு போ" என்றிருக்கிறார். மகள் வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை.

"தலைக்குள்ள ஒன்னும் இல்லன்னு எழுதி குடுத்துட்டாங்க. அத பாத்துட்டு அவ, 'அது எனக்கு அப்பவே தெரியும்'ங்கறா."

"சிரிச்சாங்களா?"

யோசித்தார். "ஆமா. லேசா சிரிச்சா."

மூன்றாவது வாரம் பெரிய ஆபத்து. "எப்பப் பாத்தாலும் கோதுமைய எடுத்துனு போறியே, மாவு எங்கய்யா?" என்று அந்த அம்மா கேட்டுவிட்டார். இவர் பயத்தில் மில்லுக்கு ஓடி அரைத்தார். இத்தனை நாள் டிக்கியிலேயே கிடந்த கோதுமை, வண்டு பிடித்திருந்தது. அந்தச் சண்டைதான் அவர்கள் வெகுநாளைக்கப்புறம் பேசிய நீளமான பேச்சு என்றார். ரொம்ப சந்தோஷமாக இருந்தார்.

இதில் எனக்கு என்ன லாபம்? ஒன்றும் இல்லை. சென்டரின் கணக்குப்படி எனக்கு ஒரு ஆளும் வரவில்லை. பெயர் பதியச் சொன்னால், "சாரு வரட்டும், அவருகிட்ட பதிஞ்சிக்கறேன். உங்கிட்ட சும்மா பேசிகினு இருக்கறதுக்கு எதுக்கு பேரு?" என்பார். ஆறு மாதம் முடிகிற நாள் வந்தது. மேடம் என் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, பூப்போல ஆரம்பித்தார்.

"நீங்க வருத்தப்படக்கூடாது. ஆபீஸ் அசிஸ்டன்ட் வேலையும் ஒரு சேவைதான். ஃபேன்லாம் எவ்ளோ நல்லா பாத்துக்கறீங்க."

 திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மாவு மில் பக்கத்திலிருந்து அவர் வந்தார். மேடத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"நீங்கதான் இங்க பெரியம்மாவா? உங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன். ஒரு கம்ப்ளெய்ன்ட்டு."

"சொல்லுங்க."

"வாசல்ல ஒரு ஆளு படத்த போட்டு வெச்சிருக்கீங்களே, கோட்டு மாட்டிகினு. எத்தினி வாரமா வர்றேன், ஒரு நாளாச்சும் வேலைக்கு வந்திருக்கானா? எங்க மைன்ஸ்ல இப்பிடி ஆப்சென்ட் ஆனா உட்டுடுவாங்களா? சம்பளம் மட்டும் வாங்கிகினு எங்கயோ சுத்திகினு இருக்கான். செவப்பா இருந்தா போதும், உங்களுக்குல்லாம்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தேன்.

"அவன தூக்குங்கம்மா மொதல்ல. தூக்கிட்டு இந்த தம்பிய போடுங்க. இவனுக்கு படிப்பு இருக்கோ இல்லையோ, உக்காந்து கேக்கறான். நடுவுல போன் பாக்க மாட்டான். நான் என் வூட்டு கதைய பூரா இவன்கிட்டதான் சொல்லியிருக்கேன்."

உள்ளே மூன்று அறைக் கதவுகளும் லேசாகத் திறந்தன. மேடம் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, போர்டுல இருக்கறது இவர்தான்."

"நீங்களுமா?"

"சத்தியமா இவர்தான்."

அவர் வெளியே போனார். போர்டுக்கு அடியில் ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. எங்கள் நிறத்துக்கு எவ்வளவு வெளுக்க முடியுமோ அவ்வளவு.

"அப்ப நான் இவ்ளோ நாளா கவுன்சிலிங்கா எடுத்துகினு இருந்தேன்?"

"ஆமாண்ணே."

"எனக்கு ஒன்னும் இல்லையே! தலைய கூட ஸ்கேன் எடுத்தாச்சே!" என்று கத்திவிட்டு, பையைக்கூட எடுக்காமல் மில் பக்கம் போய், வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

மேடம் அந்தப் பையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "ஒருத்தர்தானா?" என்றார். "ஒருத்தர்தான்" என்றேன். "சரி. அவர் திரும்பி வர்றாரான்னு பாப்போம். வந்தா நீங்க கவுன்சிலர். வரலைன்னா..." என்று கேனைப் பார்த்தார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மில்லில் மெஷின் சத்தம் நிற்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். ஒரே ஒருத்தர் என்னிடம் பேசினார், நான்தான் சார் என்று தெரிந்ததும் ஓடிவிட்டார். நான் ஆபீஸ் அசிஸ்டன்ட் என்று நினைத்த வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினாரே? இந்த முகம் டீ வாங்க ஆகும், தண்ணீர் பிடிக்க ஆகும், மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார ஆகாதா? எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. கறுப்பனே கறுப்பனை நம்பாவிட்டால் எவன் நம்புவான்?

மூன்றாவது வாரம் வந்தார். கோதுமை இல்லை. வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, வண்டியை எங்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டு. செருப்பைக் கழற்றிவிட்டு வராந்தாவில் ஏறினார். பெஞ்சின் நுனியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"வணக்கம் சார்."

"வாங்கண்ணே. வீட்டுல எப்படி?"

"நல்லாருக்கேன் சார்."

"அண்ணி என்ன சொல்றாங்க?"

"நல்லாருக்காங்க சார்."

"பேசிக்கறீங்களா?"

"உங்க புண்ணியத்துல எல்லாம் நல்லாருக்கு சார்."

இப்படியே போனது. நான் எது கேட்டாலும் சுரங்கத்தில் பெரிய அதிகாரி வந்து கேட்கிற மாதிரி பதில். இதற்கு அவர் வராமலே இருந்திருக்கலாம். கவுன்சிலர் கத்தக்கூடாது. நான் கத்தினேன்.

"யோவ்! போன மாசம் வரைக்கும் வாயா போயான்னு பேசின. வண்டு புடிச்ச கோதுமை கதைய சொன்ன. இப்ப என்னா சாரு, மோரு? நான் அதே ஆளுதான்யா! கலரு மாறிடுச்சா எனக்கு?"

கட்டடம் அதிர்ந்தது. மேடம் அறையிலிருந்து பதறிக்கொண்டு ஓடி வந்தார். "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?"

அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பெஞ்சில் நன்றாகச் சாய்ந்தார்.

"நீங்க உள்ள போங்கம்மா. நாங்க பேசிகினு இருக்கோம்."

மேடம் ஒரு வினாடி நின்றார். பிறகு தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ஆபீஸ் அசிஸ்டன்ட் வேலைக்கு அவர் இனி வேறு ஆளைத்தான் தேடவேண்டும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"தம்பி, கோச்சிக்காத" என்றார் அவர். "உம்மேல ஒன்னும் இல்ல. நம்மள மாதிரி ஒரு ஆளு மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்து நான் பாத்ததே இல்ல. டாக்டர்ல இல்ல, ஆபீசர்ல இல்ல. அப்பறம் எப்பிடி தோணும்? தெரிஞ்சப்ப வெக்கமா போச்சு. எதெதையோ உளறிட்டேனே, படிச்ச புள்ளகிட்டன்னு."

"உளறினதுதான்ணே வேணும்."

"அதான வந்துட்டேன்." குரலைத் தணித்தார். "நேத்து அவளா ஒரு கேள்வி கேட்டா. அவளா! நான் ஒன்னும் ஆரம்பிக்கல."

"என்ன கேட்டாங்க?"

"'உனக்கு டீயில சக்கர எவ்ளோ வேணும்?'னு. இத்தினி வருசமா அவளே ஒரு அளவு போட்டு ஃபிளாஸ்குல ஊத்தி வெச்சிட்டு தூங்கிடுவா. நானும் குடிச்சிட்டு ஷிப்டுக்கு ஓடிடுவேன். கூடவா கொறைச்சலான்னு நான் பாத்ததே இல்ல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாளைக்கு சொல்றேன்னுட்டு வந்துட்டேன். அவ இன்னிக்கு மறுபடி கேப்பா." முன்னால் குனிந்தார். "நீ சொல்லு. எவ்ளோ போட சொல்லட்டும்?"

கவுன்சிலர் யாருக்கும் இதைச் செய், அதைச் செய் என்று சொல்லக்கூடாது. அவரே யோசித்து அவரே முடிவெடுக்க உதவவேண்டும். புத்தகம் அப்படித்தான் சொல்கிறது, நானும் பரீட்சையில் அப்படித்தான் எழுதினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுகர் இருக்காண்ணே?"

"இல்ல."

"ஒன்றரை ஸ்பூன்" என்றேன்.